நாலு நிமிச ஆட்டம்

பொண்ணு கேட்டு வர்றவங்க பொண்ணைப் பார்ப்பாங்க, வூட்டைப் பார்ப்பாங்க, ஜாதகம் பார்ப்பாங்க. பொண்ணைப் பெத்தவ பதினெட்டு வயசுல ஆடின ஆட்டத்தைப் பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவோம்னு ஒரு சம்பந்தம் வந்ததுன்னா, திருச்சி ஜில்லாவுலயே அது என் மகளுக்கு வந்தது ஒண்ணாத்தான் இருக்கும்.

அது எழுபத்தெட்டாம் வருசம், மாசி மாசம். எனக்கு அம்பதைத் தொட ஒண்ணோ ரெண்டோ பாக்கி. பெரம்பலூர்ல துறையூர் ரோட்டுல ஒரு ஓட்டு வூட்டுல தையல் மிஷினைப் போட்டுக்கிட்டு ரவிக்கை தைச்சுக்கிட்டு இருந்தேன். ஊருக்கெல்லாம் என் வூடு சினிமாக்காரி வூடு. வர்ற பொம்பளைங்க அளவு கொடுத்தமா போனமான்னு இருக்க மாட்டாங்க. அந்த நடிகரு நெசமாவே செவப்பா, அந்த நடிகை மூக்குல போட்டிருந்தது வைரமா கல்லான்னு நோண்டுவாங்க. நான் அதையெல்லாம் விட்டு வந்து இருபத்திமூணு வருசம் ஆச்சும்மா, இப்ப எனக்கு உன் அளவுதான் தெரியணும், கையைத் தூக்குன்னு சொல்லுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப்போச்சு.

என் வூட்டுக்காரர் சாமிக்கண்ணு, சேலத்து ஸ்டுடியோவுல லைட்டு புடிச்சவரு. பூர்வீகம் உடையார்பாளையம். செட்டிகுளம் மலைக்கோயில்ல வச்சு எனக்குத் தாலி கட்டினாரு. அவரு போயி ஒம்பது வருசம் ஆயிருந்துச்சு. எங்களுக்கு ஜானகி ஒரே மக. குன்னத்துல பால்வாடி டீச்சர் வேலை, தெனம் அரியலூர் பஸ்ஸுல போயி வருவா. அந்தப் பஸ்ஸு கண்டக்டர்தான் செல்லதுரை. ஒருத்தருக்கொருத்தர் புடிச்சுப்போச்சு. அவனே ஒருநாள் வந்து நின்னு, அத்தை, எங்க அப்பா அம்மாவைக் கூட்டியாரட்டுமான்னு கேட்டான். நல்ல புள்ள. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் நெல்லும் முந்திரியும் வெளையுற குடும்பம். என் வூட்டுக்காரரும் அவங்க ஆளுதான், அதனால சாதிப் பேச்சுக்கு எடமில்லை.

எனக்குப் பயம் ஏன்னா, அதுக்கு முன்னாடி மூணு எடம் வந்து மூணும் திரும்பிப் போயிருந்துச்சு. ஒருத்தங்க சாப்பிட்டுட்டே போனாங்க, போயி ஒரு வாரம் கழிச்சு சினிமாக்காரி மக வேணாம்னு ஆளு விட்டாங்க. ஜானகிக்கு இருபத்திநாலு முடிஞ்சுபோச்சு. அவ ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். இதுவும் போச்சுன்னா என் பொண்ணு நான் பண்ணினதுக்கெல்லாம் காலம்பூரா அனுபவிப்பாளேன்னு எனக்குத் தூக்கமே இல்லை.

வந்தாங்க. செல்லதுரையோட அப்பா வைரக்கண்ணு, அம்மா ரத்தினம்மாள். அந்த மனுசன் என்னை நிமிந்தே பார்க்கலை. பாயில உக்காந்து, தரையைப் பார்த்துக்கிட்டு, எனக்குச் சம்மதம்னுட்டாரு. காபி கூட வரலை, அதுக்குள்ள. ரத்தினம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. நான் ஆடின படத்தோட பேரைச் சொல்லி, ராஜா முன்னாடி ஆடுற ஆட்டம், அது நீங்கதானான்னு கேட்டாங்க. ஆமாம்னேன். அந்தப் படம் அடுத்த வாரம் உடையார்பாளையம் ரோட்டு டூரிங் டாக்கீஸுக்கு வருதாம், நான் பார்த்துட்டுச் சொல்றேன்னு எந்திரிச்சுட்டாங்க. காபி அப்படியே ஆறிப்போச்சு. வாசல் வரைக்கும் போயி திரும்பி, நீங்களும் வாங்க, என் பக்கத்துல உக்காந்து பாருங்கன்னாங்க.

அந்தப் படத்துப் பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியப் போறதில்லை, விடுங்க. என் கதையையும் சுருக்கமாவே சொல்லிடறேன், நீட்டிச் சொல்ல எனக்கே அலுப்பா இருக்கு.

நான் பொறந்தது பூலாம்பாடி. பேரு வேம்பு. மழை தண்ணி இல்லாம ரெண்டு வருசம் காஞ்சப்போ எங்காத்தா என்னைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனா. எனக்கு அப்ப பதினொரு வயசு. ஸ்டுடியோவுல கும்பலா ஆடுற பொண்ணுங்களுக்குச் சோறு போட்டு மாசச் சம்பளம் கொடுப்பாங்க. ஆட்டம் சொல்லித்தர்ற வாத்தியார் கையில பெரம்பு இருக்கும். கால் பெசகினா கெண்டைக்கால்லயே ஒண்ணு போடுவாரு. ஏழு வருசம் பின்வரிசையில நின்னு ஆடினேன். பின்வரிசைன்னா படத்துல மூஞ்சி தெரியாது, தலைக்கு மேல தூக்கின கை மட்டும் தெரியும். அப்புறம் அந்த ராஜா படத்துல ஆட இருந்த அம்மா மொதலாளியோட சண்டை போட்டுக்கிட்டு மெட்ராஸ் ரயிலேறிட்டாங்க. செட்டு போட்டாச்சு, ராஜா வேசக்காரர் மீசை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வாத்தியார் என்னைக் கையைக் காட்டினாரு.

வேம்புன்னு பேரு போட முடியாதுன்னு குமாரி மேகவல்லின்னு ஆக்கினாங்க. எதிரி ராஜாவை மயக்கி வேவு பார்க்க வந்த தாசியா வேசம். நாப்பது நாள் பழகினேன். சிமிட்டித் தரை, கால்ல ஆறு வரிசைச் சலங்கை, தலைக்கு மேல லைட்டு. நாலு நிமிசப் பாட்டு. கடைசியில கையில மதுக்கிண்ணத்தோட இருபத்தோரு சுத்து, ஒரு சொட்டு சிந்தாம சுத்தி ராஜா காலடியில உக்காரணும். மூணு நாள் எடுத்தாங்க. மூணாம் நாள் ராத்திரி பாதம் வீங்கி செருப்புக்குள்ள போகலை. லைட்டு புடிச்சுக்கிட்டிருந்த சாமிக்கண்ணுதான் வெந்நீர் கொண்டாந்து கொடுத்தாரு. அப்படித்தான் எங்க பழக்கம்.

படம் வந்தப்போ சேலத்துல போயி ஒரே ஒரு தடவை பார்த்தேன், முக்காடு போட்டுக்கிட்டு. ஆட்டம் முடிஞ்சதும் கொட்டகையே எந்திரிச்சு ஒன்ஸ்மோர்னு கத்துது. ஆப்பரேட்டர் மிஷினை நிறுத்தி, சுருளைத் திருப்பிச் சுத்தி, மறுபடி ஓட்டினாரு. திரும்பவும் ஒன்ஸ்மோர். மூணு தடவை. எல்லா ஊர்லயும் இதே கதைதான்னு சொன்னாங்க. ஆப்பரேட்டர் ஓட்டலைன்னா பெஞ்சை ஒடைச்சாங்களாம். எனக்கு அன்னிக்கு இருந்த திமிருக்கு அளவே இல்லை. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, ராணி மாதிரி உக்காந்திருந்தேன்.

அதுக்கப்புறம் எட்டுப் படம். ரெண்டாவது சம்சாரம், வெசம் வைக்கிறவ, கதாநாயகிக்குத் தோழி. ஒண்ணுலயும் அந்த மாதிரி ஆட்டம் அமையலை. முட்டி தேய்ஞ்சுது. படம் எடுக்கிறவங்கல்லாம் மெட்ராஸ் போனாங்க, அங்க பதினாறு வயசுப் பொண்ணுங்க வரிசையில நின்னாங்க. அம்பத்தஞ்சாம் வருசம் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் பெரம்பலூருக்கே வந்துட்டோம். அவ்வளவுதான் என் சினிமா.

இப்ப ரத்தினம்மாள் இதைப் பார்க்கணும்ங்கறாங்க. எனக்கு அந்த வேசம்தான் கண்ணு முன்னாடி நிக்குது. இடுப்பு தெரியுற உடுப்பு, கையில கள்ளுக் கிண்ணம், ராஜா மடியில சாயுற மாதிரி ஒரு அசைவு. முந்திரிக்காட்டுக்காரங்க அதைப் பார்த்துட்டு என் மகளை எடுப்பாங்களா? யோசிச்சு யோசிச்சு, படம் வந்த அன்னிக்கு உச்சி வேளையில பஸ்ஸு புடிச்சு அந்தக் கொட்டகைக்கே போயிட்டேன். ஆப்பரேட்டர் கையைக் காலைப் புடிச்சாவது அந்தத் துண்டை வெட்டச் சொல்லிடலாம்னு.

ஆப்பரேட்டர் பேரு உத்திராபதி. என் வயசுக்காரரு, கரி புடிச்ச பனியனோட மிஷின் ரூம்புல, வெளிச்சத்துக்கு எரிக்கிற கார்பன் குச்சியைத் தேய்ச்சுக்கிட்டிருந்தாரு. நான் யாருன்னு சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, ஸ்டூலைத் தொடைச்சுப் போட்டாரு. வெட்டணும்னு சொன்னதும் மனுசனுக்குக் கோவம் வந்துருச்சு. இத்தனை வருசத்துல எத்தனையோ பேர் வந்து ஓட்டச் சொல்லிக் கேட்டிருக்காங்க, வெட்டச் சொல்லி வந்தவ நீங்கதாம்மான்னாரு. காரணத்தைச் சொன்னேன். அஞ்சாவது ரீலை எடுத்து, கையால சுத்தி, வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுக் காட்டினாரு.

"நாலு நிமிசப் பாட்டுக்கு முந்நூத்தி அறுபது அடி இருக்கணும். இதுல அறுபது அடி இருந்தா அதிகம். பாக்கியெல்லாம் ஒன்ஸ்மோர்லயே போயிருச்சும்மா."

எனக்குப் புரியலை. அவரு பொறுமையா சொன்னாரு. மத்த எடமெல்லாம் ஒரு காட்சிக்கு ஒரு தடவைதான் மிஷின்ல ஓடும். என் ஆட்டம் மட்டும் மூணு தடவை, நாலு தடவை. அவசரத்துல திருப்பிச் சுத்தறப்ப மிஷின் பல்லு மாட்டுற ஓரத்து ஓட்டை கிழியும். கிழிஞ்ச எடத்தை வெட்டி எறிஞ்சுட்டு ஒட்டுப் போடுவாங்க. ஊரு ஊரா, முப்பது வருசமா. இந்தப் பக்கம் சுத்துறது இந்த ஒரு படப்பொட்டிதான், வேற எங்கயும் இருக்கிறதா தெரியலைன்னாரு.

நான் வந்ததே அதை இல்லாம ஆக்கத்தான். எனக்கு முன்னாடியே ஆளாளுக்கு ஆசைப்பட்டு ஆசைப்பட்டு இல்லாம ஆக்கி வச்சிருக்காங்கன்னதும் எனக்கு ஆத்திரமா வந்துச்சு. யாரு மேல ஆத்திரப்படறது? அந்தக் கத்தலைக் கேட்டு ராணி மாதிரி உக்காந்திருந்தவ நான்தானே. சரி, மிச்சத்தையும் எடுத்துடுங்கன்னேன். அவரு பிளேடால வெட்டி, சுருட்டி, ஒரு பிஸ்கோத்து டப்பாவுல போட்டு வச்சாரு.

சாயங்காலம் ஆறரைக்கு ஆட்டம். செல்லதுரை அவங்கம்மாவைக் கூட்டியாந்து பொம்பளைங்க பக்கம் விட்டுட்டு ஆம்பளைங்க பக்கம் போயிட்டான். வைரக்கண்ணு வரலை. நானும் ரத்தினம்மாளும் மணல்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம். அந்தம்மா முறுக்கு வேணுமான்னு கூடக் கேட்கலை. ஒரே மிஷின்தான், ஒவ்வொரு ரீல் முடிஞ்சதும் லைட்டைப் போடுவாங்க. அப்பல்லாம் ரத்தினம்மாள் திரையையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க, நான் என் வெரலைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அஞ்சாவது ரீல் வந்துச்சு. ராஜா சபையில உக்காந்து, ஆடலரசி வரட்டும்னு கையைத் தட்டினாரு. அடுத்த நொடி, ஆகா, இப்படியோர் ஆட்டத்தை யாம் கண்டதே இல்லைன்னு முத்துமாலையைக் கழட்டி எறிஞ்சாரு. ஒரு கை வந்து அதைப் பிடிச்சுது, அது என் கை. நடுவுல ஒண்ணுமே இல்லை. கொட்டகையே கொல்லுன்னு சிரிச்சுது. எங்கடா ஆட்டம், ராஜா கனவுல பார்த்துட்டாரான்னு எவனோ கத்தினான். நான் சிரிக்கவும் முடியாம எந்திரிக்கவும் முடியாம உக்காந்திருந்தேன். நாப்பது நாள் பழகின ஆட்டம். அதைக் கேலிக்கூத்தா ஆக்கினது நானேதான்.

ரீல் முடிஞ்சு லைட்டு போட்டாங்க. ரத்தினம்மாள் என் பக்கம் திரும்பி, ஆட்டம் எங்கன்னு கேட்டாங்க. பழைய படம்ல, வெட்டுப்பட்டுப் போயிருக்கும்னு முணுமுணுத்தேன். அந்தம்மா மூஞ்சி மாறிப்போச்சு. கோவம்னு நெனச்சேன். கோவமில்லை, ஏமாந்துபோன மூஞ்சி. அப்புறம்தான் சொன்னாங்க, குரலை ஒசத்தாம, பக்கத்துல இருந்தவங்களுக்குக் கூடக் கேட்காம.

"செல்லதுரைக்கு முன்னாடி எனக்கு ஒரு பொட்டப்புள்ள. எட்டு மாசம். ஜன்னி கண்டு கெடந்துச்சு. எங்க வூட்டுக்காரரு, வைத்தியரைக் கூட்டியாரேன்னு சைக்கிளை எடுத்துக்கிட்டு அரியலூர் போனவரு, வைத்தியர் வர நேரமாகும்னு சொன்னாங்கன்னு கொட்டகைக்குள்ள போயி உக்காந்துட்டாரு. உங்க ஆட்டத்தை ஒன்ஸ்மோர் கேட்டு மூணு தடவை போட்டாங்களாம். எந்திரிக்க முடியலைன்னாரு. வூட்டுக்கு வந்தப்ப புள்ள இல்லை. அந்த மனுசனை எந்திரிக்க விடாம பண்ணினது என்னன்னு நான் பார்க்கணும். முப்பது வருசமா நான் சினிமாவே பார்த்ததில்லைங்க. இதைப் பார்க்கத்தான் வந்தேன்."

நான் என்னமோ இடுப்பு தெரியுது, கிண்ணம் தெரியுதுன்னு பயந்துக்கிட்டிருந்தேன். எங்கயோ ஒரு ஊர்ல ஒரு புள்ள செத்துக்கிட்டிருந்தப்ப நான் ஆடிக்கிட்டிருந்திருக்கேன். நான் ஆடலை, என் படம் ஆடுச்சு, இருந்தாலும் அந்தம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுதானே. பொய்யைக் கட்டிக்கிட்டு அங்க உக்காந்திருக்க என்னால முடியலை. நான்தான் வெட்டச் சொன்னேன்னு சொல்லிட்டேன். நீங்க பார்த்தா என் மகளை வேணாம்னுடுவீங்கன்னு பயந்து மத்தியானம் வந்து வெட்டச் சொன்னேன்னு.

அந்தம்மா திட்டலை. எந்திரிச்சு, சேலையில ஒட்டின மணலைத் தட்டிக்கிட்டு, "அப்ப நாளைக்கு ஒட்டச் சொல்லுங்க" அப்படின்னுட்டு மகனைக் கூப்பிட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சப் படத்தை அவங்களும் பார்க்கலை, நானும் பார்க்கலை. உத்திராபதிகிட்ட போயிச் சொன்னேன். அந்த மனுசன் தலையில அடிச்சுக்கிட்டாரு, ஆனா சரின்னாரு. அன்னிக்கு அரியலூர்ல என் வூட்டுக்காரர் தங்கச்சி வூட்டுல தங்கினேன். என்ன விசேசம்னு நாத்தனார் கேட்டதுக்குக் கால்வலின்னு சொல்லிப் படுத்துட்டேன்.

மறுநாள் அதே மணல், அதே எடம். இந்தத் தடவை ரத்தினம்மாள் தனியா வந்திருந்தாங்க. ராஜா கையைத் தட்டினாரு. நான் வந்தேன்.

முப்பது வருசம் கழிச்சு என்னை நான் பார்க்கிறேன். கோடு கோடா மழை பெய்யுற மாதிரி இருந்துச்சு திரை. கால் ஒண்ணு மட்டும் வந்துச்சு, சலங்கையோட. பாட்டுல ஒரு வரி தொடங்குது, பாதியில வெட்டி வேற எங்கயோ போவுது. கிண்ணத்தை எடுக்கிறேன், எடுக்கிறதுக்குள்ள அது தலைக்கு மேல இருக்கு. கழுத்து ஆடுறது ஒரு கண் சிமிட்டுற நேரம். அப்புறம் சுத்து. இருபத்தோரு சுத்துல நாலு இருந்துச்சு, எண்ணினேன். நாலாவது முடியறதுக்குள்ள ராஜா காலடியில உக்காந்துட்டேன். மாலை வந்துச்சு, பிடிச்சேன். இன்னிக்கு யாரும் சிரிக்கலை, கைதட்டவும் இல்லை. முன்னாடி ஒருத்தி புள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு பக்கத்துல இருந்தவகூட பேசிக்கிட்டிருந்தா.

லைட்டு வந்துச்சு. ரத்தினம்மாள் இன்னும் திரையையே பார்த்துக்கிட்டிருந்தாங்க, மேல ஏதோ வரும்ங்கற மாதிரி. அப்புறம் என்கிட்ட கேட்டாங்க.

"இவ்வளவுதானா?"

என் நாக்கு நுனியில எல்லாம் வந்து நின்னுச்சு. இது அறுபது அடி, இன்னும் முந்நூறு அடி இருந்துச்சு. அந்த முந்நூறு அடியிலதான் ஆட்டமே இருந்துச்சு. வெரல் பத்தும் தனித்தனியா பேசும். இருபத்தோரு சுத்துல ஒரு சொட்டு சிந்தலை. ஊரே பெஞ்சை ஒடைச்சுதுன்னா சும்மாவா ஒடைச்சுது. இதையெல்லாம் இந்தப் பொம்பளைகிட்ட சொல்லணும்னு எனக்கு அப்படி வெறியா இருந்துச்சு. என் வாழ்நாள்ல நான் ஒழுங்கா பண்ணினது அது ஒண்ணுதான்.

அந்தம்மா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவங்க என்ன பதிலை எதிர்பார்த்துக்கிட்டிருந்தாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. அந்த ஆட்டம் பெருசா இருந்துச்சுன்னா நான் பெரிய ஆளு, அந்தப் புள்ளையைத் தின்ன ஆளு. சின்னதா இருந்தா நான் ஒண்ணுமில்லாதவ. ஒண்ணுமில்லாதவ மகளைத்தான் அவங்க வூட்டுக்குள்ள விட முடியும்.

"அவ்வளவுதாங்க. அப்பவும் அவ்வளவுதான்" அப்படின்னேன்.

ரத்தினம்மாள் முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டாங்க. பெரிய மோகினின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், ஈர்க்குச்சி மாதிரி ஒரு பொண்ணுன்னாங்க. இதுக்காகவா நான் இத்தனை வருசம் வயிறெரிஞ்சேன்னு கொஞ்ச நேரம் அழுதாங்க. என்னையும் அழுகை புடிச்சுக்கிச்சு. அவங்க புள்ளைக்கு அழுதாங்க. நானும் அதுக்குத்தான் அழறேன்னு நெனச்சு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. பாதி அதுக்குத்தான், பொய் சொல்ல மாட்டேன். பங்குனியில நிச்சயம் பண்ணிக்கிட்டு வைகாசியில கல்யாணத்தை வச்சுக்கலாம்னாங்க.

பஸ்ஸுல வர்றப்ப எனக்குச் சந்தோசம் வரலை. அசதியாத்தான் இருந்துச்சு. வூட்டுக்கு வந்து ஜானகிகிட்ட விசயத்தைச் சொன்னேன். அவ அடுப்படிக்குப் போயி, எனக்குச் சோறு போட்டு எடுத்தாந்து வச்சா. நான் போதும் போதும்னு சொல்லச் சொல்ல இன்னும் ரெண்டு கரண்டி போட்டா. அதைப் பார்த்தப்புறம்தான் நாம சொன்னது சரிதான்னு மனசு கொஞ்சம் அடங்குச்சு.

பங்குனியில நிச்சயம் எங்க வூட்டுலதான். அவங்க பக்கம் ஒரு பத்துப் பேர், எங்க பக்கம் நாத்தனார் குடும்பம். தட்டு வரிசையா வச்சாச்சு, வெத்தலைபாக்கு மாத்திக்கிற நேரம். வைரக்கண்ணு அன்னிக்கும் தரையைப் பார்த்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு. நான் சந்தனக் கிண்ணத்தை அவரு பக்கம் நகத்தறப்ப திடீர்னு நிமிந்தாரு. வயசாகிப்போன அந்த மனுசன் கண்ணை நான் அன்னிக்குத்தான் நேருக்கு நேரா பார்த்தேன். ரத்தினம்மாள் அவரு பக்கத்துலயே தட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க.

"தங்கச்சி, அது ஒரு நிமிசம்கூட இல்லைன்னு ரத்தினம் சொல்றா. நான் பார்த்தது அப்படி இல்லை. எந்திரிக்க முடியாம உக்காந்திருந்தேன். நாலு நிமிசம் இருக்கும்ல?"

அவரு கேட்டது மெதுவாத்தான். அந்த ஆட்டத்தை முழுசா பார்த்தவங்கள்ல எனக்குத் தெரிஞ்சு மிச்சமிருந்தது அந்த ஒரு மனுசன்தான். அடி பிசகாம ஞாபகம் வச்சிருக்காரு. அவருக்கும் அது நாலு நிமிசமா இருந்தாகணும். பெருசா எதுவோ புடிச்சு உக்கார வச்சதுன்னு சொல்லிக்கிட்டுத்தான் அவரும் இத்தனை வருசம் சோறு தின்னுருக்காரு. ஒரு நிமிசம்கூட இல்லாத ஒண்ணுக்காகப் புள்ளையை விட்டுட்டேன்னு ஆனா அந்த மனுசன் எங்க போவாரு? ஆமாண்ணே, நாலு நிமிசம், நீங்க பார்த்தது நெசம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அவருக்கும் போதும், எனக்கும் போதும். ரத்தினம்மாள் தட்டை நீட்டாம நின்னுக்கிட்டிருந்தாங்க. உள்ளே ஜானகி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

"இல்லைண்ணே, அண்ணி சொல்றதுதான் சரி. அவ்வளவுதான் ஆடினேன்" அப்படின்னேன்.

அவரு தலையை ஆட்டினாரு. சரி சரின்னு ரெண்டு தடவை சொன்னாரு. அப்புறம் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, எல்லாரும் உக்காந்திருக்கிறப்பவே எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிட்டாரு. ரத்தினம்மாள் தட்டை நீட்டினாங்க. நான் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.